உணவு அறையில் ஓர் அச்சகம்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம்மில் பலர் வர்ஜீனியா உல்ஃபின் புதினங்களைத் தேர்வுக்காகவேனும் படித்திருப்போம். அவற்றுள் பெரும்பாலானவை அவருடைய சொந்தப் பதிப்பகத்தின் பெயரோடு வெளிவந்தவை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

1917-ஆம் ஆண்டு. கடுமையான மனநோயிலிருந்து வர்ஜீனியா தேறி வந்த காலம். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனத்திற்கு ஓய்வு கிட்டும் என்று கணவர் லெனார்டு கருதினார். அச்சுத்தொழில் கற்க இருவரும் முயன்றனர். தொழிற்சங்கப் பயிற்சியாளர்களுக்கே இடம் என்று தொழிற்பள்ளி கைவிரித்துவிட்டது. பிறகென்ன? ஏறத்தாழ 19 பவுனுக்கு ஒரு சிறு கையச்சு இயந்திரத்தையும், பழைய பாணி ஈய எழுத்துகளையும் வாங்கினர். கூடவே 16 பக்கச் செய்முறை நூல் ஒன்றும் வந்தது. அதுவே ஆசிரியர்! லண்டனை அடுத்த ரிச்மண்டில், ஹோகார்த் இல்லத்தின் உணவு அறையில் இயந்திரம் அமர்ந்தது. வீட்டின் பெயரே அச்சகத்தின் பெயராயிற்று.

நம் ஊர் டிரெடில் அச்சகங்களைக் கண்டவர்களுக்கு இவ்வேலையின் அருமை விளங்கும். அச்சுக் கோப்பவர் இடக்கையில் 'ஸ்டிக்'கைப் பிடித்துக்கொண்டு, கேஸிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாக அடுக்குவார். சொல்லுக்குச் சொல் இடைவெளிக்கும் ஓர் ஈயத்துண்டு வைக்க வேண்டும். கோத்ததைச் சட்டத்தில் இறுக்கி, மை தடவி, கைப்பிடியை இழுத்தால் ஒரு தாள் பதியும். இவர்களுடைய இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கமே அச்சிட முடியும். அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். தொடக்கத்தில் 'எச்'சும் 'என்'னும் வர்ஜீனியாவின் கையில் கலந்துபோயினவாம். உருவம் அப்படி, பழகியவர்களையே ஏமாற்றும்.

இப்படி உருவான 32 பக்க முதல் நூல் ஜூலை 1917-இல் வந்தது. லெனார்டின் கதை ஒன்று, வர்ஜீனியாவின் கதை ஒன்று, காரிங்டன் என்ற ஓவியரின் மரச்செதுக்குப் படங்கள் நான்கு. அச்சிட்டவை 150 படிகள். வாங்கியவர்களுள் பெரும்பாலோர் நண்பர்களும் தெரிந்தவர்களுமே.

சிறு இயந்திரத்திற்கு எல்லை உண்டு. 1918-இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' இவர்களிடம் வந்தது. அந்நூலைக் கையால் கோத்தால் ஆண்டுகள் ஆகும். வெளியே கொடுக்கலாம் என்றால் அச்சகத்தார் வழக்குக்கு அஞ்சினர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் எலியட்டின் 'பாழ்நிலம்' 1923-இல் நூலாக வந்தபோது, அதன் ஈய எழுத்துகளைக் கோத்தவை வர்ஜீனியாவின் விரல்கள்தாம்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. வர்ஜீனியாவின் முதல் இரு புதினங்களை வெளியிட்டவர் அவருடைய தாயின் முதல் திருமணத்தில் பிறந்த தமையன் ஜெரால்டு டக்வொர்த். சிறுவயதில் அவர் தம்மிடம் முறைகேடாக நடந்துகொண்டதை வர்ஜீனியாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். எழுதியதை அத்தகையவரின் மேசைக்கு அனுப்பிக் காத்திருக்கும் நிலை, 1922-இல் 'ஜேக்கபின் அறை'யோடு ஒழிந்தது. அப்புதினம் பெரியது, எடின்பரோவில் அச்சாயிற்று. எனினும் வெளியிட்டது ஹோகார்த் அச்சகம். அதில் பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே வெற்றிடங்கள் பேசுகின்றன. இடைவெளியையும் ஈயத்துண்டாகக் கையில் எடுத்து வைத்துப் பழகியவருக்கு அந்த உத்தி தோன்றியதில் வியப்பில்லை என்பது என் எண்ணம்.