பன்னீர் திராட்சையும் உயிரணுவின் காவலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை நடைபெறுகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் போன்ற ஊர்களின் பந்தல்களில் விளையும் கருநீலப் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கனிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களுள் ஒன்று. அது பெரும்பாலும் தோலில்தான் உள்ளது. தோலுக்கு உள்ளே இருக்கும் சதையோ இனிப்பு மிக்கது. நூறு கிராம் பழத்தில் ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை உண்டு. எனில், நீரிழிவு உடையவர் இப்பழத்தை மருந்தெனக் கொள்வதா, நஞ்சென விலக்குவதா? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. ஆகவே, இது ஒரு வட்டாரத்தின் வினா மட்டுமன்று.

விடையை உயிரணுவுக்குள் தேட வேண்டும். உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்கும் உலை மைட்டோகாண்ட்ரியா ஆகும். அங்கு எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகின்றன. வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனைப் பற்றும்போது சூப்பர் ஆக்சைடு என்னும் தனி உறுப்பு உருவாகிறது. புரதம், கொழுப்பு, மரபுப்பொருள் என எதிர்ப்படுவதையெல்லாம் சிதைக்கும் வேதிப்பொருள்கள் இதிலிருந்தே கிளைக்கின்றன. இவற்றின் உற்பத்தி, உடலின் தடுக்கும் ஆற்றலை விஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது.

கசிவு நலமுள்ள உடலிலும் நிகழ்வதே. அதற்கெனக் காவலும் உண்டு. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியை மெக்கார்டு, பிரிடோவிச் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1969இல் கண்டறிந்தனர். இது சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. பின்னர், கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் அதனை நீராக்கிவிடுகின்றன.

நீரிழிவில் இக்காவல் தளர்வது ஏன்? தசை முதலிய பல திசுக்கள், தம்முள் நுழையும் குளுக்கோஸின் அளவைக் கட்டுப்படுத்த வல்லவை. இரத்தக் குழாயின் உட்சுவர், விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சில உயிரணுக்களுக்கு அத்திறன் குறைவு. குருதியில் சர்க்கரை மிகுந்தால் அவற்றுக்குள்ளும் மிகும், உலை திணறும், கசிவு பெருகும். நீரிழிவின் பாதிப்புகள் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் முதன்மையாகத் தாக்குவதற்கான காரணத்தை மைக்கேல் பிரவுன்லி என்னும் அறிஞர் 2001இல் இவ்வழியில் விளக்கினார்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. குளுட்டாதயோன் ஒருமுறை பணியாற்றியதும் தன் வலிமையை இழக்கிறது. அதனை மீட்டெடுக்க என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருள் தேவை. உயிரணுவில் மிகுந்துவிட்ட குளுக்கோஸின் ஒரு பகுதி சார்பிட்டால் என்னும் பொருளாக மாறுகிறது. அம்மாற்றத்துக்கும் அதே துணைப்பொருளே செலவாகிறது. வந்த பகை ஒருபுறம் தாக்க, மறுபுறம் காவலர்க்குரிய உணவையும் உண்டுவிடுகிறது. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா உயிரணுக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றில் கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் இயல்பிலேயே குறைவு. அவை நலிந்தால் இன்சுலின் குறையும். சர்க்கரை மேலும் ஏறும்.

காவல் குறைந்தால் வெளியிலிருந்து வலுச் சேர்க்கலாமே என்று எண்ணத் தோன்றும். அறிவியலரும் அவ்வாறே எண்ணினர். இதய நோய்க்கான வாய்ப்பு மிகுந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட ‘ஹோப்’ ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் நீரிழிவு உடையோர். நாள்தோறும் வைட்டமின் ஈ பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இடையே, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. விளம்பரங்களில் ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ என்னும் சொல் பெறும் மதிப்பை ஆய்வுகள் அதற்கு இன்னும் வழங்கவில்லை. கசிவு நிகழ்வது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்; விழுங்கிய வைட்டமின் அவ்விடத்தை உரிய அளவில் சென்றடைவது எளிதன்று. உலைக்குள் கொட்டும் எரிபொருள் குறையாதவரை கசிவும் நிற்பதில்லை.

எனவே, திராட்சைத் தோலின் நிறமி, சதையின் சர்க்கரைக்கு ஈடாகிவிடாது. பழம் விலக்கப்பட வேண்டியதும் அன்று. மருத்துவர் வகுத்த உணவு அளவுக்குள் தோலுடன் சில பழங்கள் உண்ணலாம். சாறாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து நீங்கிச் சர்க்கரை விரைந்து குருதியில் கலக்கும். மருந்தை நிறுத்திவிட்டுப் பழத்தை நம்புவதோ பெருந்தீங்கு.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது மெட்ஃபார்மின். அது கல்லீரல் குருதியில் கலக்கும் குளுக்கோஸின் அளவைக் குறைக்கிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று அதனை எவரும் விளம்பரம் செய்வதில்லை. ஆயினும், திராட்சைப் பந்தலின்கீழ் நாள் முழுவதும் உழைத்துத் திரும்பும் ஒருவர் அதனைத் தவறாமல் உட்கொள்ளும்போது, அவருடைய விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் அந்த நொதிகளின் பணிச்சுமை குறைகிறது.