சுவாசக் குழாயில் குடியேறும் கிருமிகள்

வைரஸ் ஜுரத்தினால் நுரையீரல் நொந்து, தானாக மூச்சுவிடும் சக்தியை இழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் யந்திரத்தின் துணையோடு கிடக்கும் ஒரு நோயாளிக்கு, ஒரு வாரம் கழிந்து வைரஸின் உக்கிரம் தணிந்து, பிராணவாயுவின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வரலாம் என்று டாக்டர்கள் நம்பிக்கை கொள்ளும் தறுவாயில், மறுபடியும் ஜுரம் ஏறுவதுண்டு. குழாயிலிருந்து உறிஞ்சியெடுக்கும் சளி மஞ்சளாகிக் கெட்டிப்படும். எக்ஸ்ரே படத்தில் நேற்று இல்லாத வெண்திட்டு ஒன்று தென்படும். வைரஸ் பழுதாக்கிவிட்டுப் போன இடத்தில் பாக்டீரியா வந்து குடியேறிவிட்டது. யந்திரத்தில் இணைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு உண்டாகும் இந்த நிமோனியாவைத் தனி வகையாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள்; ஆஸ்பத்திரிப் பேச்சில் இதன் சுருக்கப் பெயர் 'வேப்'.

பாக்டீரியா இவ்விதம் வைரஸின் பின்னாலேயே வருவது புதிய விஷயமன்று. 1918-ம் ஆண்டு உலகெங்கும் கோடிக்கணக்கானோரை மாய்த்த இன்ஃப்ளூயன்ஸாவின்போது பிரேதப் பரிசோதனைகளில் பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் திசுக்களை, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் சோதித்துப் பார்த்து, இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் மரணத்துக்கு உடன் சேர்ந்த பாக்டீரியா நிமோனியாவே காரணம் என்ற முடிவை 2008-ல் வெளியிட்டார்கள். சுவாசப் பாதையின் உட்சுவரில் மயிரிழைபோல் அசைந்து அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய இழைகளை வைரஸ் அழித்துவிடுகிறது. கிருமிகள் பற்றிக்கொள்வதற்கேற்ற புண்பட்ட பரப்பை விட்டுச் செல்கிறது. அதோடு, வைரஸை எதிர்ப்பதற்காக உடல் சுரக்கும் சில பொருள்களே பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்களின் வேகத்தையும் மட்டுப்படுத்திவிடுகின்றன.

யந்திரத்தின் சரித்திரமும் ஒரு வைரஸிலிருந்தே தொடங்குகிறது. 1952-ல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவி, சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் அடுத்தடுத்து மடிந்துகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்ஸென் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றை ஊட்டும் முறையைக் கையாண்டார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக அந்தப் பைகளை அமுக்கினார்கள். சாவின் விகிதம் பெருமளவு குறைந்தது. இன்றைய ஐ.சி.யூ.க்களுக்கு வித்திட்டது அந்த வார்டுதான்.

உயிரைக் காக்கும் அந்தக் குழாய்தான் கிருமிக்கும் வழியாகிறது. இருமவும், விழுங்கவும், தொண்டையை மூடிக்கொள்ளவும் மனிதனுக்கு இயற்கை அளித்திருக்கும் காவல்களையெல்லாம் அது செயலற்றவையாக்கிவிடுகிறது. குழாயின் நுனிக்கு அருகே காற்றடைத்த சிறு பலூன் ஒன்றுண்டு, 'கஃப்' என்பார்கள். மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டு, வாயிலூறும் எச்சில் கீழே இறங்காமல் காப்பது அதன் வேலை. ஆயினும் அந்தப் பலூனின் மேல் தேங்கும் எச்சில் அதன் மெல்லிய மடிப்புகளின் வழியே துளித்துளியாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. குழாயின் உட்புறத்திலோ, குளத்துப் படிக்கட்டில் பாசி படர்வதுபோல், கிருமிகள் தாமே சுரந்த வழவழப்பான படலத்துக்குள் ஒளிந்துகொண்டு கூட்டங்கூட்டமாய் வாழ்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் புகுவதில்லை. சளியை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் அதன் துணுக்குகள் உதிர்ந்து உள்ளே போவதற்கும் இடமுண்டு.

கொரோனாக் காலத்தில் இந்த அபாயம் பன்மடங்காயிற்று. ஐரோப்பாவின் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வில், யந்திரத்தில் இருந்த கொரோனா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கீழ்ச் சுவாசப் பாதையில் பாக்டீரியாத் தொற்று வந்தது. இன்ஃப்ளூயன்ஸா நோயாளிகளில் அது நூற்றுக்கு 30, வைரஸே இல்லாதவர்களில் 25. நெடுநாள் யந்திரத்திலேயே கிடக்க நேர்ந்தது ஒரு காரணம். நுரையீரலின் அழற்சியைத் தணிக்கக் கொடுத்த டெக்ஸாமெதசோன், யந்திரத்திலிருந்தவர்களின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்த அருமருந்தே; ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அது சற்று அடக்கத்தான் செய்யும். சிகாகோவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, கொரோனாவுக்காக யந்திரத்தில் இணைக்கப்பட்டவர்களின் மரணத்தில், பின்னால் வந்து குணப்படாமல் நின்றுவிட்ட பாக்டீரியா நிமோனியாவுக்குப் பெரும் பங்குண்டு என்று காட்டியது.

குணப்படாமல் நிற்பது ஏன்? லேபிலிருந்து வரும் கல்ச்சர் ரிப்போர்ட்டை ஒருமுறை பார்த்தால் விளங்கும். சளியை வளர்த்துப் பார்த்து இரண்டு மூன்று நாட்களில் வரும் அந்தத் தாளில், மேலே கிருமியின் பெயர், அசினெட்டோபேக்டர் என்றோ கிளெப்சியெல்லா என்றோ சூடோமோனாஸ் என்றோ இருக்கும். கீழே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மருந்துகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எதிரிலும், மருந்து கேட்கும் என்றால் 'எஸ்' என்ற எழுத்தும், கேட்காது என்றால் 'ஆர்' என்ற எழுத்தும் அச்சாகியிருக்கும். மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர் என்றே வந்து, கடைசியில் கொலிஸ்டின் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிற தாள்கள் இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அபூர்வமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேகரித்த கணக்கின்படி, பெரிய ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் அசினெட்டோபேக்டர் கிருமிகளில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவை, ஒரு காலத்தில் கடைசி ஆயுதமாகக் கருதப்பட்ட கார்பாபெனெம் வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பல்லாண்டுகளுக்கு முன் ஒதுக்கி வைத்த கொலிஸ்டினை மீண்டும் தேடி எடுக்க நேர்ந்தது அதனால்தான்.

இந்தப் பிரச்சினையில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. கார்பாபெனெம்களைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற என்ஸைமைத் தாங்கிய கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010-ல் உலகுக்கு அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. இரண்டாண்டு கழித்து மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி வகுத்த திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயரால் உலக மருத்துவப் பத்திரிகைகளில் இடம்பெற்றது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபெல் சொற்பொழிவிலேயே, குறைந்த அளவில் மருந்தை உண்டு கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும் அறியாமையைக் குறித்து எச்சரித்தார். நாம் கேட்கவில்லை. கொரோனாவினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பாக்டீரியாத் தொற்றும் உடனிருந்து ஆன்டிபயாடிக் உண்மையாகவே வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான் என்றும், ஆனால் அது கொடுக்கப்பட்டதோ நூற்றுக்கு 75 பேருக்கு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024-ல் தெரிவித்தது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அது செய்வதெல்லாம், உடலில் தீங்கின்றி வாழும் கிருமிகளைக் கொன்று, அதற்கு அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக்கொடுப்பதே. நெருக்கடியில், மூச்சுக்குத் திணறும் மனிதனின் முன் நின்று மருந்தெழுதிய டாக்டரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தொடங்கிய மருந்தைத் தக்க தருணத்தில் நிறுத்தவும் தெரிந்திருக்கவேண்டும். யந்திர நிமோனியாவுக்குப் பதினைந்து நாட்கள் கொடுத்ததற்கும் எட்டே நாட்கள் கொடுத்ததற்கும் மரணத்தில் வித்தியாசமில்லை என்று பிரான்சில் 51 ஐ.சி.யூ.க்களில் நடந்த பரிசோதனை 2003-லேயே காட்டிவிட்டது. சூடோமோனாஸ் போன்ற சிலவற்றில் தொற்று திரும்பி வருவது மாத்திரம் எட்டு நாள் சிகிச்சையில் அதிகமாயிருந்தது.

என் அபிப்பிராயத்தில் இந்த நோயின் தலைவிதியை நிர்ணயிப்பவர்கள் நர்ஸுகளே. படுக்கையின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைப்பது, வயிற்றிலிருந்து எதிர்க்களித்து வருவது நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கிறது. பார்சிலோனாவில் 1999-ல் சிறு அளவில் நடந்த ஒரு பரிசோதனையில், மல்லாந்து கிடத்தியவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நிமோனியா என்று சந்தேகம் எழ, சாய்த்து வைத்தவர்களில் அது 8 பேருக்கே எழுந்தது. நினைவற்றுக் கிடப்பவரின் பல்லைத் துலக்கிவிடுவது, பலூனின் அழுத்தத்தை அளவுமானியால் பார்த்து 20-க்கும் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்கும் நடுவில் நிறுத்துவது, தினமும் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்ப்பது, ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகுமுன் கையைச் சுத்தம் செய்வது ஆகிய இவையெல்லாம் விலையுயர்ந்த காரியங்களல்ல. ஆனால் இவற்றுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒரே நர்ஸின் பொறுப்பில் நான்கைந்து வென்டிலேட்டர்களை விட்டுவிட்டு, அவர் கை கழுவவில்லையே என்று கேட்பது நியாயமாகாது. புதிய யந்திரங்களை வாங்கித் திறப்பு விழா நடத்தும் ஆர்வத்தில் பாதியேனும் நர்ஸுகளை நியமிப்பதில் காட்டினால், எத்தனையோ நிமோனியாக்கள் வராமலே போகும்.

வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. உறவினரைப் பார்க்க ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது, நுழையுமுன்னும் வெளியே வந்த பின்னும் கையைச் சுத்தம் செய்யுங்கள்; கட்டிலின் கம்பியைத் தொட்ட கையால் பக்கத்துக் கட்டிலைத் தொடாதீர்கள். முதியவர்களுக்கும் ஆஸ்துமா, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி போடுவது பற்றி உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரை அட்டையின் ஓரத்தில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டரின் சீட்டில்லாமல் அந்த மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள்; சாதாரண ஜலதோஷத்துக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதாமல் அனுப்பிவிட்டால், வேறொரு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.