கரண்ட் போனால் போன் பேசுமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட கடற்கரையில் லேண்ட்லைனை எடுத்துவிட்டு மலிவான இணையத் தொலைபேசிக்கு மாறுகிறவர்கள், மாத வாடகையைக் கேட்பதற்கு முன்னால் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

பழைய தொலைபேசி வீட்டு மின்சாரத்தை நம்பியதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நிற்கும் 48 வோல்ட் பேட்டரிகள், பேச்சு போகும் அதே இரண்டு செம்புக் கம்பிகள் வழியாகக் கருவிக்கும் மின்சாரம் கொடுத்தன. ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஐப்பசி மழையில் கேபிள் இணைப்புக்குள் ஈரம் இறங்கி லைன் கரகரக்கும், லைன்மேனுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும் என்பதும் உண்மைதான்.

இப்போது வரும் கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கொண்டுவரும். சுவரில் மாட்டிய மோடத்துக்கு, பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர் வழியாக, நாம்தான் மின்சாரம் கொடுக்கிறோம். கரண்ட் போன நொடியே அதன் விளக்குகள் அணையும். பக்கத்தில் இருக்கும் போனும் ஊமையாகிவிடும்.

கரண்ட் இருக்கும்போதும் தொல்லை உண்டு. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, எண்களாக்கி, 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாக அனுப்புகிறார்கள். இதற்கு 100 கிலோபிட் வேகமே போதும். வேகத்தைவிடச் சீரான வரத்துதான் முக்கியம். மலிவு இணைப்பில் ஒரே பாதையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மாலையில் எல்லோரும் படம் பார்க்க உட்காரும்போது பொட்டலங்கள் முன்னும் பின்னுமாக வருகின்றன. பிந்தி வந்ததைக் கருவி தள்ளிவிடும். சொல்லின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகும். ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் சேர 150 மில்லி நொடிக்கு மேல் ஆனால், இருவர் பேச்சும் முட்டிக்கொள்ளத் தொடங்கும்.

மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். ஆனால் தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் கருவிக்கும் பேட்டரி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் வீட்டு யுபிஎஸ் வீண். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஊரில் மின்தடை அறிவிக்கப்பட்ட ஒரு நாளில், உறவினர் ஒருவருக்கு அந்த லைனிலேயே பேசிப் பாருங்கள்.