பழைய பள்ளிவாசலை உடைக்கும் முன்: அனுமதி யாரிடம், எப்படி?

கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும் நூறு வருடங்களைத் தாண்டிய பள்ளிவாசல்கள், கடைகள், வீடுகள் இன்னும் நிற்கின்றன. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகி வருகின்றன. இப்படியொரு கட்டடத்தைப் புதுப்பிக்க நினைக்கும்போது நம்மவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "பிளான் பாஸ் ஆகுமா?" என்பதுதான். பழையதை உடைக்க முன் யாரிடமாவது கேட்க வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் கூரை இறக்கப்பட்ட பிறகே எழுகிறது.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. எந்த அலுவலகம் எதைத் தீர்மானிக்கிறது என்பது பலருக்குத் தெளிவாகத் தெரியாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் பழைய வீடுகளின் சொந்தக்காரர்களும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளை இங்கே தருகிறேன்.

யார் எதைத் தீர்மானிக்கிறார்கள்?

முதலாவது, நகர அபிவிருத்தி அதிகார சபை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் அபிவிருத்தி வேலை எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்யக்கூடாது என்ற விதி 1982 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தோடு வந்தது. புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தின் அமைப்பை மாற்றுவதும் இதற்குள் அடங்கும். பேணப்பட வேண்டிய கட்டடங்கள் எவை என்பதையும் இந்தச் சபை தனது கொழும்புத் திட்டங்களில் அடையாளங் கண்டிருக்கிறது.

இரண்டாவது, கொழும்பு மாநகர சபை. அதிகார சபை தனது அனுமதி வழங்கும் அதிகாரங்களில் ஒரு பகுதியை உள்ளூராட்சி சபைகளுக்குக் கையளித்திருப்பதால், சாதாரண விண்ணப்பங்கள் மாநகர சபைக்கே போகின்றன. அங்குள்ள திட்டமிடல் குழு வரைபடத்தைப் பரிசீலிக்கும். வீதிக் கோடு, உயரம், வாகனத் தரிப்பிடம், வடிகால், தீயணைப்பு ஆகியவை பார்க்கப்படும். பெரிய திட்டங்கள் அதிகார சபைக்குச் செல்லும்.

மூன்றாவது, தொல்பொருள் திணைக்களம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1998 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் இதன் கையிலுள்ள சட்டங்கள். ஒரு கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டால், அதில் பழுதுபார்த்தல், மாற்றம், சேர்க்கை எதுவாக இருந்தாலும் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். மாநகர சபை "சரி" என்று சொல்லிவிட்டால் போதாது.

பள்ளிவாசலுக்கு நான்காவது ஒரு கதவும் உண்டு. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் வக்பு சபை அது. வக்பு சொத்தை நம்பிக்கையாளர்கள் தங்கள் விருப்பப்படி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பழைய பள்ளிவாசல் கடைகளை இடித்துத் தொகுதியாகக் கட்டும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி சிக்கலுக்குள்ளாகின்றன.

விண்ணப்பம் போகும் வழி

முறையான வழி மிகவும் எளிது. முதலில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேட்கலாம். இந்தக் காணியில் என்ன கட்டலாம், எந்த நிறுவனங்களின் இணக்கம் தேவை என்பதை வரைபடத்துக்குப் பெருந்தொகை செலவழிக்க முன்னரே இது சொல்லிவிடும். பழைய கட்டடம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தின் கருத்தைப் பெறுமாறு இந்தக் கட்டத்திலேயே கூறப்படலாம். அதன் பின்னர் பட்டயக் கட்டடக் கலைஞர் கையொப்பமிட்ட வரைபடங்கள், உறுதி, நில அளவைப் படம் ஆகியவற்றோடு முழு விண்ணப்பம். குழு ஏற்கலாம், நிபந்தனையோடு ஏற்கலாம், நிராகரிக்கலாம். வேலை முடிந்ததும் அனுமதித்தபடியே கட்டப்பட்டதா என்று பார்த்து இணக்கச் சான்றிதழ் வழங்கப்படும்.

ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குழு தன் முன் வைக்கப்பட்டதை மட்டுமே பார்க்கும். விண்ணப்பத்தில் "இருக்கும் கட்டடம்" என்ற இடத்தில் ஒரு கட்டம் வரைந்து "அகற்றப்படும்" என்று எழுதியிருந்தால், அதற்குள் நூறு வருடத்து மிஹ்ராப் இருக்கிறதா, மரத்தூண் இருக்கிறதா என்பது குழுவுக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் இல்லாத கட்டடத்துக்காகப் பேச அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். பலருக்கும் தெரிந்த கட்டடத்துக்கே பாதுகாப்பு இல்லாமல் போகிறது. கொம்பனித்தெருவில் சுமார் 150 வருடங்கள் பழைமையான டி சொய்சா கட்டடத்தைக் காப்பாற்றுமாறு பாரம்பரிய ஆர்வலர்கள் குரல் கொடுத்தனர். 2021 இல் அது இடிக்கப்பட்டது.

நமது பயம்

"தொல்பொருள் திணைக்களத்தை நாமே அழைத்து வருவதா?" என்று நிர்வாகிகள் கேட்பது எனக்குப் புரிகிறது. கூரகல தப்தர் ஜெய்லானியில் நடந்தவற்றை நமது சமூகம் மறக்கவில்லை. கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. இந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

ஆனாலும் சட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனப்படுத்துவதால் அதன் உரிமை அரசுக்குப் போய்விடுவதில்லை. தொழுகையும் நிற்பதில்லை. மாற்றம் செய்ய முன் அனுமதி கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் வரும். அரசு காணியை எடுப்பதானால் அதற்கு 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

அதைவிட முக்கியமானது ஒன்று. "நீங்கள் எப்போது இங்கு வந்தீர்கள்?" என்று நம்மிடம் கேட்கப்படும்போது நாம் எதைக் காட்டப் போகிறோம்? கொழும்பில் கிடைத்த கூபி எழுத்துக் கல்லறைக் கல் ஹிஜ்ரி 337 ஆம் ஆண்டுக்குரியது, அதாவது கி.பி. 948. முஸ்லிம் மையவாடியில் இருந்த அந்தக் கல்லை ஒல்லாந்தர் காலத்தில் பெயர்த்தெடுத்து வீட்டுப் படிக்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் கவனத்துக்கு வந்ததால்தான் அது வாசிக்கப்பட்டது. ஆயிரம் வருடத்துச் சாட்சி மயிரிழையில் தப்பியது. அன்று கல்லைப் பெயர்த்தவர்கள் அந்நியர்கள். இன்று பழைய மிஹ்ராபை உடைத்துப் பளிங்கு பதிப்பது நாமே.

வேகந்தை ஜும்ஆப் பள்ளிவாசலுக்கான காணியை 1786 இல் ஜாவாவைச் சேர்ந்த பந்தன் பாலி வாங்கினார் என்ற செய்தி இன்றும் நிலைத்திருப்பது, அதைப் பேணி வைத்தவர்கள் இருந்ததால்தான். ஆவணமும் கட்டடமும் இல்லாத பள்ளிவாசலுக்கு வரலாறு வாய்ப்பேச்சாகவே மிஞ்சும்.

இடமில்லையே, என்ன செய்வது?

ஜும்ஆவுக்கு வருவோர் வீதியில் தொழும் நிலையில், பழைமையைக் காப்பாற்று என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பார்கள். நியாயமான வாதம்தான். அதற்கான பதில் நமது கண்முன்னே இருக்கிறது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அழ்பார் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. இடம் போதாமல் போனபோது அதன் நிர்வாகம் சிவப்பு, வெள்ளைக் கட்டடத்தை இடிக்கவில்லை. 1975 இல் பக்கத்துக் காணிகளை வாங்கி அங்கே விரிவாக்கத் தொடங்கினார்கள். இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து பார்க்கும் பள்ளிவாசல் அது. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலையும் 2011 இல் புனரமைக்கப்பட்டு, கடைகளும் உணவகங்களுமாக இயங்குகிறது. பேணுவது என்றால் பூட்டி வைப்பது என்று அர்த்தமில்லை.

எல்லாப் பள்ளிவாசலுக்கும் பக்கத்துக் காணி வாங்கும் வசதி இருக்காது. முன்பகுதியையும் மிஹ்ராபையும் வைத்துக்கொண்டு பின்னால் உயர்த்தலாம். அதுவும் முடியாவிட்டால், உடைக்க முன் அளந்து, படம் எடுத்து, கல்வெட்டுகளையும் பழைய மரவேலைப்பாடுகளையும் கழற்றிப் பத்திரப்படுத்தலாம். அளப்பதற்கும் படம் எடுப்பதற்கும் எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

நிர்வாகங்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளிவாசலின் உறுதி, பழைய நில அளவைப் படம், வக்பு பதிவு, பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். உங்கள் கட்டடம் அதிகார சபையின் பட்டியலிலோ வர்த்தமானியிலோ இருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலைப் பெறலாம். பணம் சேர்க்க முன் பூர்வாங்க அனுமதி எடுங்கள். புதுப்பித்தல் பற்றிய பொதுக்கூட்டத்தில் ஒரு தனவந்தரின் குரலோடு ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளும், கட்டடக் கலை படித்த நம் பிள்ளைகளின் ஆலோசனையும் கேட்கப்படட்டும். பாடசாலையில் தம் ஊர்ப் பள்ளிவாசலின் வயதைக் கேட்டால் மாணவர்கள் விழிக்கிறார்கள். அவர்களைக் கொண்டே அளவெடுத்துப் பதிவு செய்யலாம்.

வக்பு என்பது நமக்கு முன் வாழ்ந்தவர்கள் நமக்குப் பின் வருபவர்களுக்காக விட்டுச் சென்ற அமானிதம். இடையில் நிற்கும் நாம் அதன் காவலர்கள் மட்டுமே. நகரத்துக் குழு தன் மேசைக்கு வரும் வரைபடத்தைத் தீர்மானிக்கும். அந்த வரைபடத்தில் பழைய மிஹ்ராப் இருக்க வேண்டுமா, இல்லையா என்பது அதற்கு முன்பே நம் பள்ளிவாசல் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.