டர்ஃப் போடுங்கள், பில் இல்லாமல் போடாதீர்கள்

கோடை விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளுக்காகக் கொல்லைப்புறத்தில் டர்ஃப் என்னும் செயற்கைப் புல்தரை போடுகிறார்கள். ஐப்பசி மழையில் அது குளமாகிறது. ஒட்டிய இடங்கள் பிரிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்கின்றன. போட்டுக்கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. "பில் இருக்கிறதா?" என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனைக் காட்டுகிறார்கள். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்று அவர் சொன்னாராம், இவர்களும் தலையாட்டினார்களாம். லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் ஒரு தாளைக் கேட்டு வாங்கத் தயங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கான்கிரீட்டா, டர்ஃபா என்று கேட்டால், கால்பந்துக்கும் பாக்ஸ் கிரிக்கெட்டுக்கும் டர்ஃப்தான். கான்கிரீட்டில் விழுந்தால் முட்டி தேயும், மணிக்கட்டு முறியும், தலையில் அடிபட்டால் ஆபத்து. பாஸ்கெட்பால், பேட்மிண்டன் ஆடும் பிள்ளைகளுக்கு டர்ஃப் வேண்டாம். பந்து எழும்பாது, கால் சட்டென்று திரும்பாது. அவற்றுக்குக் கான்கிரீட்டின் மேல் அக்ரிலிக் பூச்சுதான் சரி.

டர்ஃப் என்று முடிவெடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அடித்தளம். வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகப் பலர் கான்கிரீட் போட்டு அதன்மேல் டர்ஃபை ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மழைநீர் மண்ணுக்குள் போகாது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. கட்டட அனுமதிக்கு வரைபடத்தில் தொட்டி இருந்தால் போதும் என்று அதிகாரிகள் கையெழுத்திடுகிறார்கள். பிறகு அந்தத் தொட்டி மூடப்பட்டதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. நீங்களாவது பாருங்கள். கான்கிரீட்டுக்குப் பதிலாக அடியில் பெரிய ஜல்லி, மேலே பொடி ஜல்லி, ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். வழியும் நீர் சேகரிப்புக் குழிக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகக் கூடாது.

அடுத்தது சூடு. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரியாக இருந்த நாளில் டர்ஃபின் மேற்பரப்பு 93 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதே வெயிலில் கான்கிரீட்டின் சூடு இதைவிடக் குறைவு. நம் ஊர் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை பிள்ளைகளை அதில் விடாதீர்கள். வெறுங்காலோடு எந்த நேரமும் விடாதீர்கள். தண்ணீர் தெளித்தால் குளிரும் என்பார்கள். அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம்தான். தீபாவளிக்கு அங்கே பட்டாசும் வேண்டாம். இழைகள் பிளாஸ்டிக், பொறி பட்டால் உருகும்.

இழைகளுக்கிடையே தூவும் கறுப்பு ரப்பர் துகள் பழைய டயரை அரைத்தது. இத்தகைய துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி கொண்டுவந்து, 2031 அக்டோபருக்குப் பிறகு அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது எதற்கு? சிலிக்கா மணல் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுங்கள்.

இனி, காகிதம். கொட்டேஷனில் "நல்ல குவாலிட்டி டர்ஃப்" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவை எழுத்தில் இருக்க வேண்டும்:

இழை பாலிஎதிலீனா, பாலிப்ரொப்பிலீனா, இழையின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், இழையின் கனத்தைச் சொல்லும் டிடெக்ஸ் எண், ஒட்டும் பசையும் டேப்பும், ஜல்லி அடுக்குகளின் கனம், வாட்டம், வெயிலில் வெளுக்காமல், நொறுங்காமல் எத்தனை ஆண்டு இருக்கும் என்ற வாரண்டி.

இந்த விவரங்கள் இல்லாவிட்டால், பால்கனியில் விரிக்கும் அலங்காரப் புல்லை விளையாட்டு டர்ஃப் என்று தலையில் கட்டிவிடுவார்கள். ஃபிஃபா சான்று இருக்கிறது என்று சொன்னாலும் மயங்காதீர்கள். அந்தச் சான்று, போட்டு முடித்த மைதானத்தை நேரில் சோதித்த பிறகு அந்த மைதானத்துக்குத் தரப்படுவது. உங்கள் கொல்லைக்கு அது தானாக வந்துவிடாது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். குழாய்த் தண்ணீரை முழுவதும் விட்டு, அது வடிந்ததைப் பார்த்த பிறகே கடைசித் தவணை. வெட்டி மிஞ்சிய டர்ஃபில் ஓரடித் துண்டை எடுத்து, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்ட உறையில் வையுங்கள். நாளை வழக்கு வந்தால், பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அன்று இந்தத் துண்டு உங்களுக்குத் துணை நிற்கும்.

பில் கேளுங்கள். பில் தராமலிருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. அதைக் கேட்பது உங்கள் உரிமை.

குறை தெரிந்தால் சண்டை போட்டு நாளைக் கடத்தாதீர்கள். தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். குறையைச் சொல்லி, பதினைந்து நாள் கெடு கொடுத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆய்வகச் சோதனை தேவைப்படாத மனுவை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாவுக்கு மேல் வாய்தா கொடுத்து அதை ஆண்டுக்கணக்கில் இழுப்பது ஆணையங்களுக்கு அழகல்ல. அதற்காக நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. மாலையில் மணிக்கு இவ்வளவு என்று டர்ஃபை வாடகைக்கு விட்டால் நிலைமை மாறும். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவருக்கு மட்டுமே விலக்கு. வீட்டு மின் இணைப்பில் விளக்கு போட்டு வாடகை வாங்கினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு வசூலிக்கலாம். முதலிலேயே இணைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் கைவிட வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சாட்சியம்தான். எதையும் அழிக்காதீர்கள். ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். "பார்த்துக்கலாம் சார், அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைத் தாண்டிவிடாதீர்கள். உங்கள் டர்ஃப் எந்தத் தேதியில் முதன்முதலாகப் பெயர்ந்தது என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.