காந்தமும் நாதமும்



மின்கிற்றாரின் ஓசையைக் கேளாத செவி இன்று அரிது. ஆயினும் அப்பெருங்குரல் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைச் சிந்திப்போர் சிலரே. வீணைக்குக் குடம் உண்டு. சாதாரணக் கிற்றாருக்குக் குடைவான மரப்பெட்டி உண்டு. மின்கிற்றாருக்கோ பெரும்பாலும் திண்ணிய மரப்பலகையே உடல். தந்திகளின் கீழே பொருத்தப்பட்ட ‘பிக்கப்’ என்னும் சிற்றுறுப்பே அதற்கு நாவாக அமைகின்றது. அதனுள் முக்கியமாக இருப்பவை இரண்டு: ஒன்று காந்தம், மற்றையது, தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றி அமைத்த சுருள்.

சுருளினூடு செல்லும் காந்தப்புலம் மாறும்போது அதிலே மின் பிறக்கும் என்பதை 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே காட்டினார். உருக்குத் தந்தி காந்தத்தின் அண்மையில் தானும் காந்தத்தன்மை பெறுகின்றது. அது விநாடிக்கு 440 முறை அதிருமாயின், சுருளிலே பிறக்கும் மின்னும் 440 முறை அலைகின்றது. அதனைப் பெருக்கி, ஒலியாக்கிக் கேட்கின்றோம். நைலோன் தந்தியைப் பூட்டினால் இவ்வுறுப்பு ஊமையாகிவிடும்.

அமெரிக்காவிலே ஜோர்ஜ் பீச்சம் அமைத்து, 1932 இல் விற்பனைக்கு வந்த கிற்றாரில், இரண்டு இலாட காந்தங்கள் தந்திகளைக் கவிந்து நின்றன. பின்னர் அலுமினியம், நிக்கல், கோபாற்று, இரும்பு ஆகியவற்றின் கலப்பாகிய ‘அல்நிக்கோ’ வழக்கிற்கு வந்தது. அதிலும் பல வகைகள் உள. மூன்றாம் வகையிலே கோபாற்று இல்லை. அதன் வலிமை குறைவு. இரண்டாம் வகை அதனிற் சிறிது கூடியது. ஐந்தாம் வகையோ மிக வலியது. 1954 இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரின் தெளிந்த, மணி போன்ற குரலுக்கு ஐந்தாம் வகைக் கோல்கள் துணைநின்றன. இரண்டாம் வகையின் குரலை மென்மையானது என்பர் இசைஞர். மூன்றாவதாக வந்தது பெரைற்று என்னும் மட்காந்தம். அது விலை மலிந்தது, வலியது. 1972 இல் வந்த ‘சூப்பர் டிஸ்டோர்ஷன்’ என்னும் பிக்கப் இதனைக் கொண்டே உரத்த, முரட்டுக் குரலைத் தந்தது.

இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகின்றது? காந்தத்துக்கெனத் தனிக் குரல் ஒன்றில்லை. காந்தம் வலிதாயின் பிறக்கும் மின்னும் மிகும். மிகுந்த மின் பெருக்கியை நெருக்க, ஒலி கரகரக்கும். இது முதலாவது. அல்நிக்கோ உலோகமாதலால், சுருளின் நடுவே கோலாக நிற்கும்போது சுருளின் இயல்பையே சிறிது மாற்றுகின்றது. மட்காந்தமோ மின் கடத்தாதது. பெரும்பாலும் சுருளின் கீழே கிடப்பது. இது இரண்டாவது. வலிய காந்தம் தந்திக்கு மிக அண்மையில் நின்றால் தந்தியையே இழுக்கும். அதனால் நாதம் விரைவில் அடங்கும், சுருதியும் பிசகும். இது மூன்றாவது.

ஆகவே, காந்தத்தை மட்டும் புகழ்ந்து பேசும் வணிக மொழியை அப்படியே நம்புதல் தகாது. சுருளின் சுற்றுக்கள், தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள தூரம் ஆகியனவும் குரலை ஆக்குவனவே. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் புதிய பிக்கப்புக்குச் செலவிட எண்ணும் இளைஞர், முதலில் ஒரு திருகாணியைத் திருப்பி அத்தூரத்தை மாற்றிப் பார்ப்பாராக. அதற்குக் காசு வேண்டியதில்லை. பலவேளை அவர் தேடிய குரல் அங்கேயே அகப்படும்.

அகப்படாதவிடத்துக் காந்தத்தை மாற்றலாம். அப்போதும் மற்றவற்றை மாற்றாது, இரு ஒலிகளின் உரப்பையும் சமமாக்கிக் கேட்டல் வேண்டும். உரத்தது இனியதென மயங்குவது செவியின் இயல்பு. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலைநிறுத்தி, அதன்பின் முடிவு செய்வதே விஞ்ஞான முறை. வகுப்பறையிலே கற்பிக்கும் இம்முறை, இசைக்கருவி வாங்கும் கடையிலும் நமக்குக் காவலாய் நிற்கும்.