பெல் அடிப்பதற்கு முன்னாலேயே தொடங்கும் பள்ளி



நம்ம பள்ளிச் சுவரை ஒட்டி இருக்கிற ஆர்.சி. தொடக்கப்பள்ளியை நாம் தினமும் தாண்டித்தான் வருகிறோம். நம்மில் பாதிப் பேர் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். என் தம்பி இப்போது அங்கே மூன்றாம் வகுப்பு. அவனைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. அங்கே படித்தபோது நான் கவனிக்காத ஒன்றை இப்போதுதான் கவனிக்கிறேன். அந்தச் சின்னப் பள்ளி ஒரு நாள் ஒழுங்காக நடக்க எத்தனை வீட்டுக் கைகள் வேண்டியிருக்கு! அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலை

நம்ம தூத்துக்குடிக் கடற்கரையில் பொழுது சீக்கிரமே விடிந்துவிடும். எங்க அப்பா விசைப்படகில் வேலை செய்கிறார். இருட்டோடு போனால் இரவுதான் வருவார். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு முதல் பஸ் ஏறிவிடுவார். தம்பியைக் குளிப்பாட்டித் தலை சீவிவிடுவது ஆச்சி. பையில் டைரி இருக்கா என்று பார்ப்பது நான். நிறைய வீட்டில் இதே கதைதான்.

முன்பெல்லாம் பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பிரேயரில் நின்றார்கள். இப்போது அப்படி இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். கிராமங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதலும், நகரங்களில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்ட் 26 முதலும் வந்தது. ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் கிச்சடி என்று மாறி மாறிக் கிடைக்கிறது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழு அம்மாக்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் உப்பு குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்!

பிரேயர்

ஒன்பது மணிக்கு பெல். வரிசையாக நிற்க வேண்டும். செபம், தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி, உறுதிமொழி என்று ஒவ்வொன்றாக நடக்கும். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதை 55 விநாடியில் பாட வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் அதற்கு முன்பே முடித்துவிட்டு அக்காமாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பள்ளியை நடத்துவது மறைமாவட்டம். பங்குச் சாமியார்தான் தாளாளர். ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. இதைத்தான் ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்கிறோம்.

பன்னிரண்டு மணி

கோவில் மணி அடித்ததும் வகுப்பு அப்படியே எழுந்து நிற்கும். மூவேளை செபம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் சும்மா அமைதியாக நிற்பார்கள். தம்பியின் பெஞ்சுத் தோழன் வீட்டில் முருகன் படம் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பு வரும்போது அவன் பக்கத்து அறைக்கு நன்னெறி வகுப்புக்குப் போவான்.

இது பள்ளி காட்டும் சலுகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டபோதுதான் இது சட்டம் என்று தெரிந்தது. நம் அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் பள்ளி தொடங்கி நடத்த உரிமை தருகிறது. 28-ஆவது பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சிறு பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதிக்க வேண்டும். ஆக, பள்ளியில் குடும்பத்தின் பங்கு என்பது ஆண்டு விழாவுக்கு வந்து கை தட்டுவது மட்டும் இல்லை. ‘என் பிள்ளைக்கு இது வேண்டும், இது வேண்டாம்’ என்று சொல்வதும்தான்.

வீட்டுக்குப் போகும் பாடம்

1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் எழுதிய கடிதங்களில் ஒரு செய்தி இருக்கிறது. தான் சொல்லிக்கொடுத்த செபங்களைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தாராம். பெரியவர்களுக்கு வாத்தியார் யார்? சின்னப் பிள்ளைகள்தான்!

இது பழைய கதை இல்லைங்க. போன வருஷம் வரை தம்பியின் தேர்ச்சி அட்டையில் அம்மா கைநாட்டுதான் வைப்பார். தம்பி ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் படித்துவிட்டு வந்து, சிலேட்டில் அம்மா பெயரை எழுதிக் காட்டுவான். மீன் கணக்கு முடிந்த பிறகு, ராத்திரி அம்மா அதன் மேலேயே எழுதிப் பார்ப்பார். இந்த அரையாண்டு அட்டையில் அம்மா கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஒரு ‘வெரி குட்’ எழுதி அனுப்பினார். அது தம்பிக்கா அம்மாவுக்கா என்று வீட்டில் இன்னும் சண்டை.

ஒரு வருத்தமும் ஒரு வேண்டுகோளும்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது பெற்றோர் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு நடந்தது. அப்பா கடலில், அம்மா சந்தையில். மறுவாரம் வகுப்பில், “யார் வீட்டிலிருந்து வரல, எழுந்து நில்லுங்க” என்றார்கள். பதினோரு பேர் நின்றோம். “உங்க அப்பா அம்மாவுக்கு உங்க மேல அக்கறையே இல்லையா?” என்ற கேள்வி வந்தது. நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அப்பா பள்ளி வாசலில் நின்றுவிட்டார். பூட்டியிருந்த வகுப்பின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, “நீ எந்த பெஞ்சுல உட்காருவ?” என்று கேட்டார். கை நீட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கறை இல்லாதவர் அப்படிப் பார்ப்பாரா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆசிரியர்களுக்கும் அது ஓய்வு நாள் என்று தெரியும். ஆனாலும் பருவத்துக்கு ஒரு முறை மட்டும், பூசை முடிந்து ஒரு மணி நேரம் கூட்டம் வைக்கலாமே. இன்னொரு வழியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம்ம பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் கூட்டத்தை 14-ஆம் தேதிக்குள் வைத்தால் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். வெட்டி அரட்டைக்கு ஒரு நாள் குறையும், அவ்வளவுதான்!

அண்ணன்மாரே, அக்காமாரே! நாமும் செய்யலாம்

1. தம்பி தங்கையின் டைரியைத் தினமும் இரவு வாசித்து, அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.
2. கூட்டத்துக்கு யாரும் போக முடியாவிட்டால் முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் காரணம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.
3. ஆச்சி, தாத்தா, சித்தி யாராவது போகலாமா என்று வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள். பெரும்பாலும் “வரச் சொல்லு” என்றுதான் சொல்வார்கள்.
4. வீட்டில் கைநாட்டு வைப்பவர் இருந்தால் இன்றைக்கே சிலேட்டை எடுங்கள்.

பெல் அடிப்பது ஒன்பது மணிக்குத்தான். ஆனால் பள்ளி தொடங்குவது நம் வீட்டு அடுப்படியில். அங்கே இருக்கிறவர்களுக்கும் வகுப்பறையில் ஒரு இடம் போடுவோம்!



— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி